ரெண்டு டோஸோட இம்யூனோதெரபிய நிறுத்திட்டாங்க, இனி என்ன? (மெலனோமா, ஸ்டேஜ் 4)

வைகைக்கரை | 2025 மார்ச் 4, காலை

ஆஸ்திரேலியா அடிலெய்டுல இருக்கற எங்க அத்தானுக்கு (அக்கா வீட்டுக்காரர், 54 வயசு) உள்ளங்கால்ல வந்த மெலனோமா (தோல் கேன்சர்ல ஒரு வகை) நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவிடுச்சு. ஸ்டேஜ் 4. பிராஃப்ங்கற ஜீன்ல மியூட்டேஷன் (மாற்றம்) இல்லைன்னு ரிப்போர்ட். இபிலிமுமாப், நிவோலுமாப்னு ரெண்டு இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்து மூணு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நாலு டோஸ்னு ப்ளான். ரெண்டாவது முடிஞ்சதும் ரத்த டெஸ்ட்ல லிவர் என்சைம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு, உடனே நிறுத்திட்டு ஸ்டீராய்டு ஆரம்பிச்சுட்டாங்க. பாதியில விட்டா கேன்சர் திரும்ப ஏறாதா? சைடு எஃபெக்ட் இல்லாத மருந்துன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? அக்கா அழுதுகிட்டே இருக்கா. மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி டாக்டரை வற்புறுத்தலாமா?

கொன்றை | மார்ச் 4, சாயங்காலம்

வற்புறுத்தாதீங்க தம்பி. முதல்ல அக்காகிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க.

நாங்க சிட்னில இருக்கோம். என் வீட்டுக்காரருக்கும் இதே மருந்து ரெண்டும், இதே ஸ்டேஜ் 4, 2021ல. அவருக்குக் குடல்ல பிரச்சினை வந்துச்சு, ரெண்டாவது டோஸோட நிறுத்தினாங்க, மூணாவதும் நாலாவதும் இன்னிக்கு வரைக்கும் ஏத்தவே இல்ல. அதுக்கப்புறம் எடுத்த ஸ்கேன்ல நுரையீரல் கட்டிங்க சுருங்கியிருந்துச்சு, அடுத்ததுல இன்னும் சுருங்கியிருந்துச்சு. இப்ப வேலைக்குப் போறார்.

ஒருத்தருக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கும்னு சொல்லல. ஆனா இதே மருந்து ரெண்டையும் எடுத்தவங்க தரவை ரெண்டு ட்ரையல்ல இருந்து சேர்த்துப் பார்த்து 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு. சைடு எஃபெக்டால ஆரம்பக் கட்டத்துலயே நிறுத்தினவங்கள்ல சுமார் 58% பேருக்குக் கட்டி சுருங்கியிருக்கு. நிறுத்தாம தொடர்ந்தவங்கள்ல 50%. அதாவது நிறுத்தினதால யாரும் பின்தங்கிடல. எங்க டாக்டர் இதைத்தான் சொன்னாங்க, நான் வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சு உறுதி பண்ணிக்கிட்ட அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு.

கொன்றை | மார்ச் 4, ராத்திரி

ஏன் அப்படின்னா, கீமோ மாதிரி இந்த மருந்து நேரா போய் கேன்சரைக் கொல்றது இல்ல. நம்ம டி செல்லுக்கு (நோயை எதிர்க்கற வெள்ளை அணு) மேல அதை அடக்கி வைக்கற புரதங்கள் இருக்கு, சி.டி.எல்.ஏ.-4னு ஒண்ணு, பி.டி.-1னு ஒண்ணு. நம்ம உடம்பையே அது தின்னுடக் கூடாதுன்னு இயற்கை வச்ச ஏற்பாடு. அதுல பி.டி.-1ஐ கேன்சர் தனக்கு சாதகமா பயன்படுத்தி டி செல்லைத் தூங்க வச்சிடுது. இபிலிமுமாப் முதல் புரதத்தை மறிக்குது, நிவோலுமாப் ரெண்டாவதை. முழிச்ச டி செல், மருந்து உடம்பை விட்டுப் போன அப்புறமும் வேலை பார்க்குது. நிறுத்தியும் பலன் நிக்கறது அதனாலதான்.

அதே காரணத்தாலதான் சைடு எஃபெக்டும். முழிச்சது குடலையும் தாக்கலாம், கல்லீரல், தைராய்டு, நுரையீரல், தோல், மூட்டு எதை வேணா தாக்கலாம், அபூர்வமா இதயத்தையும். "சைடு எஃபெக்ட் இல்லாத மருந்து"ன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே கோவம் வருது, ஏன்னா அதை நம்பறவங்கதான் வயித்தால போறப்ப "ஏதோ சாப்பாடு ஒத்துக்கல"ன்னு விட்டுடறாங்க. ரெண்டு மருந்தும் சேர்த்து எடுக்கறவங்கள்ல பாதிக்கும் மேல தீவிரமான பக்க விளைவு வரும். முடி கொட்டாது, வாந்தி கம்மி, அது உண்மை. அதை வச்சு லேசான மருந்துன்னு நினைச்சுடக் கூடாது.

கொன்றை | மார்ச் 6

எங்க வீட்டுல நடந்ததை முழுசா சொல்லிடறேன், இங்க படிக்கற வேற யாருக்காவது உதவும்.

ரெண்டாவது டோஸுக்கு அப்புறம் அவருக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது, எங்கிட்ட சொல்லல. பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ராத்திரி திரும்பத் திரும்ப ஓடற சத்தம் கேட்டு நானா கேட்டப்பகூட "ஒண்ணுமில்ல, நீ தூங்கு"ன்னார். எதுக்கு மறைச்சார்னா, நர்ஸ் கொடுத்த தாள்ல "வயிற்றுப்போக்கு அதிகமானால் மருந்து நிறுத்தப்படலாம்"னு போட்டிருந்துச்சு. மருந்தை நிறுத்தினா செத்துடுவோம்னு அவர் கணக்கு, அதனால அடுத்த டோஸ் வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு ஓட்டிடலாம்னு பார்த்திருக்கார். கெமிஸ்ட்ல லோபெரமைடு (வயித்தால போறதை நிறுத்தற மாத்திரை) வாங்கிக் கார் டேஷ்போர்டுக்குள்ள வச்சுத் தின்னுருக்கார். ரத்தம் வந்த அன்னிக்குத்தான் எங்கிட்ட சொன்னார், அதுவும் சேர்ல இருந்து எழுந்திருக்க முடியாமப் போனதால.

எமர்ஜென்சிக்குப் போனோம். அங்க இருந்த இளம் டாக்டர் கீமோ பேஷன்ட்னு நினைச்சு வெள்ளை அணு கவுண்ட் பார்த்தார், நார்மல், வயித்துக் கிருமியா இருக்கும், சலைன் ஏத்திட்டு வீட்டுக்குப் போங்கன்னார். நான் போகமாட்டேன்னு நின்னேன். கேன்சர் நர்ஸ் கொடுத்த அட்டையை எடுத்து நீட்டி அதுல இருக்கற நம்பருக்கு நீங்களே போன் பண்ணுங்கன்னேன். பண்ணினார், பேசி முடிச்சதும் அவர் நடையே மாறிடுச்சு. அட்மிட் பண்ணி, கிருமி இருக்கான்னு மல டெஸ்டுக்கு அனுப்பிட்டு நரம்பு வழியா ஸ்டீராய்டு. அதுக்கும் முழுசா அடங்காததால எதிர்ப்புச் சக்தியை அடக்கற இன்ஃப்ளிக்சிமாப்னு இன்னொரு மருந்து போட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாள்ல நின்னுச்சு.

குடல் ஓட்டையாகி உயிர் போனவங்க இருக்காங்கன்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னாங்க. மருந்து நின்னுடுமோங்கற பயத்துல மறைச்சு, கடைசியில அந்த பயத்தாலயே போயிருப்பார். வழக்கத்தைவிட நாளைக்கு நாலு தடவை கூடுதலா போனாலே போன் பண்ணணும், ஏழு கூடினா நேரா ஆஸ்பத்திரி. ரத்தம் வந்தா எண்ணிக்கிட்டு இருக்காதீங்க.

கொன்றை | மார்ச் 7

கீழ ஒருத்தர் "லோபெரமைடு பாதுகாப்பான மாத்திரைதானே"ன்னு கேட்டிருக்கார். சாதாரண வயித்துப்போக்குக்கு சரி. இந்த மருந்து எடுக்கறவங்களுக்கு அது அறிகுறியை மூடி வைக்கும், உள்ள புண்ணு பாட்டுக்கு வளரும். டாக்டர் சொல்லாம தொடாதீங்க.

கொன்றை | மார்ச் 9

வைகைக்கரை தனிச்செய்தில கேட்டதை அவர் அனுமதியோட இங்கயே எழுதறேன்: "எதிர்ப்புச் சக்தியை எழுப்பற மருந்து ஒரு பக்கம், அதை அமுக்கற ஸ்டீராய்டு ஒரு பக்கம், ஒண்ணு இன்னொண்ணை அழிச்சிடாதா?"

நானும் இதே கேள்வியைக் கேட்டேன். பக்க விளைவுக்குக் குடுக்கற ஸ்டீராய்டால கேன்சர்ல கிடைச்ச பலன் போயிடுச்சுன்னு பெரும்பாலான ஆய்வுகள்ல தெரியல. வேற நோய்க்காக ஏற்கனவே ஸ்டீராய்டுல இருந்துகிட்டே இந்த மருந்தை ஆரம்பிக்கறது தனி விஷயம், அதுல டாக்டருங்க கவனமா இருப்பாங்க.

முக்கியம், ஸ்டீராய்டை நீங்களா குறைக்காதீங்க. பொதுவா நாலு ஆறு வாரத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்குவாங்க, வேகமா இறக்கினா லிவர் திரும்ப எகிறும். எகிறினா மைக்கோஃபெனோலேட்னு எதிர்ப்புச் சக்தியை அடக்கற இன்னொரு மருந்து சேர்ப்பாங்க. எங்களுக்குப் போட்ட இன்ஃப்ளிக்சிமாப் லிவருக்கே ஆபத்தாகலாம்ங்கறதால உங்க அத்தானுக்குப் பொதுவா அதைக் குடுக்க மாட்டாங்க, "அவங்களுக்குப் போட்டாங்க, எங்களுக்கு ஏன் போடல"ன்னு சண்டைக்குப் போயிடாதீங்க. சர்க்கரை ஏற வாய்ப்பு நிறைய, நம்ம ஆளுங்களுக்கு இன்னும் ஜாஸ்தி, மீட்டர் வாங்கி வச்சுக்குங்க. தூக்கம் வராது, எரிஞ்சு விழுவார். அக்காவுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. என் வீட்டுக்காரர் விடியக்காலை சமையலறை டப்பா எல்லாத்தையும் இறக்கித் துடைச்சுக்கிட்டு இருப்பார், ஏன்னு கேட்டா கத்துவார். அது மாத்திரை பேசறதுன்னு தெரிஞ்சப்புறம் எனக்கு வலிக்கல.

கொன்றை | மார்ச் 12

"ஸ்டேஜ் 4ன்னா ஆறு மாசம்தான்னு கூகுள் சொல்லுது"ன்னு ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. அது பழைய காலத்துக் கணக்கு. டகார்பசின்னு ஒரு கீமோதான் இருந்துச்சு, பெரும்பாலானவங்க ஒரு வருஷம் தாண்டல. 2010ல வந்த இபிலிமுமாப் ட்ரையல்ல சராசரி ஆயுள் 6.4 மாசத்துல இருந்து 10 மாசம் ஆச்சு, அதுக்கே மருத்துவ உலகம் எழுந்து நின்னுச்சு, ஏன்னா அதுக்கு முன்னாடி எந்த மருந்தும் பரவின மெலனோமால ஆயுளைக் கூட்டிக் காட்டினதே இல்ல. 2011 மார்ச்ல அமெரிக்கா அனுமதிச்சுது. 2014ல பி.டி.-1ஐ மறிக்கற பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப். இந்த வழியைக் கண்டுபிடிச்சதுக்கு 2018ல ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பான்காரர் தசுகு ஹோஞ்சோவுக்கும் நோபல்.

அத்தான் எடுத்த ஜோடியைப் பார்த்த பெரிய ட்ரையல் செக்மேட் 067. 945 பேர். பத்து வருஷ முடிவு 2024ல வந்துச்சு: ரெண்டும் சேர்த்து எடுத்தவங்கள்ல பத்து வருஷம் கழிச்சு உயிரோட இருக்கறவங்க 43%. நிவோலுமாப் மட்டும் 37%, இபிலிமுமாப் மட்டும் 19%. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. மூணு வருஷம் வரைக்கும் நோய் ஏறாம இருந்தவங்களை மட்டும் எடுத்துப் பார்த்தா, அவங்கள்ல 96% பேர் பத்தாவது வருஷத்துலயும் மெலனோமாவால சாகல. எங்களுக்கு மூணு வருஷம் தாண்டின அன்னிக்கு நான் பாயசம் வச்சேன்.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரை எல்லாரும் உதாரணம் காட்டறாங்க. 2015ல 90 வயசுல கல்லீரல்லயும் மூளைலயும் மெலனோமா, பெம்ப்ரோலிசுமாப் எடுத்தார், அந்த டிசம்பர்லயே ஸ்கேன் சுத்தம்னு அறிவிச்சார், 2024 டிசம்பர்ல 100 வயசுல போய்ச் சேர்ந்தார். கூடவே அவருக்குக் கல்லீரல்ல ஆபரேஷனும் மூளைக்கு ரேடியேஷனும் நடந்துச்சுங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க.

கொன்றை | மார்ச் 13

நேத்து எழுதின 43% பத்தி ராத்திரி பூரா யோசனை. அதை அப்படியே நம்ம தலையில வச்சுக்க முடியாது. அந்த ட்ரையல்ல இருந்தவங்க பெரும்பாலும் வெயில் பட்டு தோல்ல மெலனோமா வந்த வெள்ளைக்காரங்க. வெயில் பட்ட தோல்ல மியூட்டேஷன் எக்கச்சக்கமா இருக்கும், டி செல்லுக்கு அடையாளம் கண்டுபிடிக்க சுலபம். நம்ம மாதிரி கருத்த தோல்காரங்களுக்கு வர்றது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில வர்ற ஏக்ரல் மெலனோமா. அதுக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்ல, மியூட்டேஷன் கம்மி, அதனால இந்த மருந்துக்கு மசியறவங்க விகிதமும் கம்மி. இதை மறைச்சு நம்பிக்கை குடுக்க எனக்கு இஷ்டமில்ல. விகிதம் கம்மிங்கறது வேற, பலிக்காதுங்கறது வேற. எங்க வீட்டுல பலிச்சது குதிகால்ல வந்த ஏக்ரல்தான்.

பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்துக்கு அடியில வந்தது இதேதான். ஃபுட்பால்ல பட்ட அடின்னு நினைச்சிருக்காங்க. 1981ல 36 வயசுல போயிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு இருந்ததை கால் ஆணின்னு சொல்லி ஒரு ஜி.பி. (குடும்ப டாக்டர்) பிளாஸ்டர் குடுத்தே அனுப்பினார். ஊர்லயும் முதல்ல கால் ஆணி, அடி, நகச்சுத்துன்னுதான் நினைப்பாங்க. ஆறாத ஆணி, பரவற கருப்பு, நகத்துல புதுசா வந்து அகலமாகற கருப்புக் கோடு, நகத்தைத் தாண்டி தோல்லயும் கருப்பு ஏறினா பயாப்ஸி கேளுங்க. குளிச்சுட்டுக் கால் துடைக்கறப்ப அடிப்பாதத்தைப் பாருங்க, வீட்டுப் பெரியவங்களுக்கு நீங்க பாருங்க, அவங்களால குனிஞ்சு பார்க்க முடியாது.

கொன்றை | மார்ச் 17, காலை

வைகைக்கரை, நேத்து ராத்திரி நீங்க போட்ட ஒரு வரியைப் படிச்சதுல இருந்து படபடப்பா இருக்கு. "இம்யூனிட்டி கூடட்டும்னு அம்மா அனுப்பின சீந்தில் சூரணத்தை அத்தான் டெய்லி ரெண்டு வேளை எடுக்கறார்."

இன்னிக்கே, இப்பவே நிறுத்தச் சொல்லுங்க. அந்த டப்பாவைப் படம் எடுத்து கேன்சர் நர்ஸுக்கு அனுப்புங்க.

கொரோனா சமயத்துல நம்ம நாட்டுல நிறைய பேர் சீந்தில் குடிச்சாங்க, குடிச்ச சிலருக்குக் கல்லீரல் வீங்கினதை மும்பை டாக்டருங்க 2021ல எழுதினாங்க. அது வர்ற விதமும் நம்ம எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கற மாதிரிதான். இம்யூனோதெரபி எடுக்கறவங்க லிவருக்கு வர்ற பிரச்சினையும் அதே மாதிரி. ரெண்டும் ஒரே ஆள் உடம்புல இருந்தா எதனால ஏறுச்சுன்னு டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மருந்து மேல பழி போட்டு நிறுத்தியிருக்காங்க, ஒருவேளை சூரணமும் அதுல கூட்டோ என்னவோ. அவங்களுக்குத் தெரிஞ்சாதானே அடுத்து என்ன பண்றதுன்னு முடிவு பண்ண முடியும். அம்மாவைத் திட்டாதீங்க, "இம்யூனிட்டி"ங்கற வார்த்தையைக் கேட்டு பாசத்துல அனுப்பினது.

கொன்றை | மார்ச் 17, மத்தியானம்

"நம்ம பாரம்பரியத்தைக் கேவலப்படுத்தறீங்க"ன்னு ஒரு ஐயா எழுதியிருக்கார். ஐயா, எங்க வீட்டுல இன்னும் சளிக்கு தூதுவளை ரசம்தான். ஏற்கனவே முழு வேகத்துல ஓடற எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு, கல்லீரல் கெட்டுக் கிடக்கறப்ப, டாக்டருக்குத் தெரியாம எதைக் குடுத்தாலும் தப்பு. அது சீந்திலா இருந்தாலும் சரி, மெடிக்கல் ஷாப் மல்டிவைட்டமினா இருந்தாலும் சரி.

கொன்றை | மார்ச் 19

சூரணத்தைப் பத்தி நர்ஸ்கிட்ட சொல்லிட்டாங்களாம். நர்ஸ் திட்டலையாம், "சொன்னதுக்கு ரொம்ப நன்றி"ன்னாங்களாம். எனக்கு இப்பதான் மூச்சு வருது.

கொன்றை | மார்ச் 26

என்சைம் இறங்குதுன்னு கேட்டு சந்தோஷம். அடுத்து என்னன்னு கேட்டீங்க. சில பேருக்கு லிவர் அடங்கினதும் நிவோலுமாபை மட்டும் தனியா ஆரம்பிப்பாங்க, தீவிரமா இருந்தா ஆரம்பிக்காமலே ஸ்கேன் எடுத்துக் கவனிப்பாங்க. எங்களுக்கு ரெண்டாவது வழி.

ரெண்டு டோஸ் கொஞ்சம்னு நினைக்காதீங்கன்னு சொல்ல இன்னொரு காரணமும் இருக்கு. நாடினான்னு ஒரு ட்ரையல், நெதர்லாந்து டாக்டருங்களும் எங்க சிட்னி மெலனோமா இன்ஸ்டிட்யூட்டும் முன்னால நின்னு பண்ணினது, 2024ல முடிவு வந்துச்சு. நிணநீர் முடிச்சுக்குப் பரவின ஸ்டேஜ் 3காரங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி இதே ஜோடியை ரெண்டே டோஸ், இபிலிமுமாப் அளவும் கம்மி. ஆபரேஷன்ல எடுத்த கட்டியைப் பார்த்தா 59% பேருக்குக் கிட்டத்தட்ட கேன்சரே மிச்சமில்ல, அவங்களுக்கு அதுக்கப்புறம் மருந்தே குடுக்கல. ஸ்டேஜ் 4க்கு இதை அப்படியே பொருத்தக் கூடாதுதான். ஆனா ரெண்டு டோஸால எவ்வளவு நடக்கும்ங்கறதுக்கு இது சாட்சி.

கொன்றை | ஏப்ரல் 9

ஸ்கேன்ல கல்லீரல் கட்டி சின்னதாகியிருக்கு, நுரையீரல்ல ஒண்ணு லேசா பெருசாகியிருக்கு, "இது தோல்வியா?"ன்னு அக்கா கேக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க.

ஒரு ஸ்கேனை வச்சு சொல்ல முடியாது. டி செல் உள்ள போய்க் குவியறதால கட்டி பெருசான மாதிரி தெரியறது உண்டு, அடுத்த ஸ்கேன்ல சுருங்கும். ஆனா அது பத்துல ஒருத்தருக்கும் கம்மியாத்தான் நடக்குது, பெருசானதெல்லாம் அப்படித்தான்னு மனசைத் தேத்திக்கிட்டு அடுத்த ஸ்கேனைத் தள்ளிப் போடக் கூடாது. நாலு வாரம் கழிச்சோ அதுக்கு மேலயோ திரும்ப எடுப்பாங்க. எல்.டி.எச்.னு ஒரு ரத்த டெஸ்ட், அது இறங்கியிருக்கான்னும் கேளுங்க. ஒரே ஒரு கட்டி மட்டும் அடம் பிடிச்சா அதை மட்டும் அறுத்தோ ரேடியேஷன் குடுத்தோ எடுக்கறதும் உண்டு.

நிஜமாவே ஏறினா அடுத்த கதவுகளும் இருக்கு. நிவோலுமாபோட ரெலட்லிமாப்னு இன்னொரு இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்தது 2022ல வந்துச்சு. கட்டில இருந்தே டி செல்லைப் பிரிச்சு வெளிய வளர்த்துத் திரும்ப ஏத்தற டில் சிகிச்சை, அமெரிக்காவுல ஸ்டீவன் ரோசன்பெர்க் எண்பதுகள்ல ஆரம்பிச்ச வேலை, 2024 பிப்ரவரில அங்க அனுமதி கிடைச்சுது. உங்க அத்தானுக்கு எது பொருந்தும்னு அவங்க டாக்டர்தான் சொல்லணும். க்ளினிக்கல் ட்ரையல் இருக்கான்னு நீங்களே வாய்விட்டுக் கேளுங்க.

கொன்றை | ஏப்ரல் 27

இன்னிக்கு வேற விஷயம். சிகிச்சை ஆரம்பிச்ச அஞ்சாறு மாசத்துல என் வீட்டுக்காரர் கைல, கண் இமையில வெள்ளை வெள்ளையா திட்டு வந்துச்சு. வெண்புள்ளி. புருவம் பாதி நரைச்சுது. வீடியோ கால்ல என் மாமியார் பார்த்துட்டு அழுகை, "கேன்சர்னுகூட சொல்லிடலாம், இதை எப்படிடா சொந்தத்துல சொல்றது, பேத்திக்கு நாளைக்கு வரன் பார்க்கணுமே"ன்னாங்க. என் பொண்ணுக்கு அப்ப பத்து வயசு.

மறு வாரம் டாக்டர் அதே கையைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்து முகம் மலர்ந்துட்டாங்க. மெலனோமாங்கறது தோலுக்கு நிறம் குடுக்கற செல்லுல வர்ற கேன்சர். அந்தக் கேன்சரை அடையாளம் கண்டுபிடிச்ச டி செல்லு, அதே புரதம் இருக்கற நல்ல நிற செல்லையும் சேர்த்து அடிக்குது, அதான் வெண்புள்ளி. மெலனோமாக்காரங்கள்ல இது வந்தவங்களுக்கு மருந்து நல்லா கேக்கறதா ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. அந்த வெள்ளைத் திட்டை அன்னில இருந்து எங்க வீட்டுல யாரும் மறைக்கல. போன வருஷம் ஊர்ல கல்யாணத்துக்கு அரைக்கைச் சட்டைதான் போட்டுட்டு வந்தார். கேட்டவங்களுக்கு நான் பதில் சொன்னேன், ஒட்டாது, பரம்பரையா வந்ததும் இல்ல, உசிரைக் காப்பாத்தின மருந்தோட அடையாளம்னு. மாமியார் பக்கத்துலயே நின்னு தலையாட்டினாங்க. அந்தப் பகுதிக்கு வெயில்ல சன்ஸ்க்ரீன் போடணும், அவ்வளவுதான்.

கொன்றை | மே 11

குறைஞ்ச டோஸ் நிவோலுமாப் போதுமான்னு திருச்சில இருந்து கேட்டவருக்கு: டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி ட்ரையல்ல மூணு வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் குடுத்து, ஒரு வருஷம் தாண்டினவங்க 16%ல இருந்து 43% ஆனது உண்மைதான். ஆனா அது தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு, கூடவே மாத்திரை கீமோவும் உண்டு. மெலனோமாவுக்கு அதே அளவு போதும்னு அந்த ட்ரையல் காட்டல. இங்க அரசு மானியத்துல எங்களுக்குக் கிடைச்சது அங்க சொத்தை வித்தாத்தான் கிடைக்குதுங்கறது எனக்குத் தாங்கல. குறைஞ்ச டோஸ் பத்திக் கேக்கறதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, உங்க ஆன்காலஜிஸ்ட்கிட்ட நேராவே பேசுங்க.

கொன்றை | ஜூன் 15

ரெண்டாவது ஸ்கேன்ல நுரையீரல் கட்டியும் சுருங்கிடுச்சுன்னு வைகைக்கரை எழுதினதைப் பார்த்து வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்.

"இனி ஆபத்து இல்லைதானே, ஆகஸ்ட்ல மதுரைக்கு வரலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. வாங்க. ஆனா ஒண்ணு, மருந்து நிறுத்தி மாசக்கணக்கு ஆனப்புறமும் புதுசா பக்க விளைவு வரலாம். இவருக்குக் குடல் சரியாகி வேலைக்குப் போக ஆரம்பிச்சப்புறம் ஒரே அசதி, தலைவலி, எழுந்தா கண்ணைக் கட்டும். ஸ்ட்ரெஸ்னு ஒருத்தர் சொன்னார், மன அழுத்தம்னு இன்னொருத்தர். கேன்சர் நர்ஸ்தான் காலைல எட்டு மணிக்குக் கார்ட்டிசால் (உடம்பே சுரக்கற ஸ்டீராய்டு) பார்க்கச் சொன்னாங்க, கிட்டத்தட்ட இல்லவே இல்ல. இபிலிமுமாப் எழுப்பின எதிர்ப்புச் சக்தி, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியைத் தாக்கியிருந்துச்சு. இனி ஆயுசுக்கும் அந்தக் கார்ட்டிசாலுக்குப் பதிலா ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை. அத்தானுக்கு அசதி வந்தா ஸ்டீராய்டு இறக்கினதால வந்ததுன்னு நீங்களா முடிவு பண்ணாம இந்த டெஸ்டைக் கேளுங்க, தைராய்டும் சேர்த்து.

ஊருக்குக் கிளம்பறப்ப: டாக்டர் லெட்டர் ரெண்டு காப்பி, ஒண்ணு போன்ல. அதுல மருந்துப் பேரு, கடைசி டோஸ் தேதி, "கீமோ அல்ல, இம்யூனோதெரபி"ன்னு தெளிவா இருக்கணும். மாத்திரை எல்லாம் கைப்பையில, செக்-இன் பெட்டில வேண்டாம். கார்ட்டிசால் குறைவுன்னு வந்துடுச்சுன்னா காய்ச்சல் வந்தா மாத்திரையை எவ்வளவு கூட்டணும், வாந்தி எடுத்து மாத்திரை தங்கலைன்னா ஊசி எப்படிப் போடறதுன்னு அக்காவும் கத்துக்கணும், அந்த ஊசியும் கைப்பையிலயே வரணும். மதுரைல எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடறதுன்னு இப்பவே பேசி வச்சுக்குங்க. அம்மாகிட்ட சூரணம், லேகியம் எதுவும் காய்ச்சி வைக்க வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, மீன் குழம்பு வைக்கட்டும்.

கொன்றை | ஜூன் 16

இந்தியாவுல கிடைக்குமான்னு கேட்டதுக்கு: ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையும் ஊசியும் அங்க மெடிக்கல்ல கிடைக்கும், எங்களுக்குக் கிடைச்சுது. இருந்தாலும் தங்கற நாளைவிட ரெண்டு வாரத்துக்குக் கூடுதலா எடுத்துட்டுப் போங்க.